கடைசிப் பந்தியில் ஒரு ஹவில்தார் மேஜர்

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் படித்த மனிதர். படைக்கு, மீசை சரியாக அரும்புவதற்கு முன்பே ஓடிவிட்டார். பந்திக்கு மட்டும் ஊரெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவார். இந்த ஒரு பழக்கத்தால் எங்கள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதற்கப்புறமும் பல வருஷம் அந்தப் பழக்கத்தோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அவர் சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, எழுபதுகளில் சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர். ஆபீசராகச் சேராத ஒருவர் பட்டாளத்தில் தொடக்கூடிய உச்சிப்படி அது. ஆனாலும் என் நினைவில் அவர் எப்போதும் கம்பெனி ஹவில்தார் மேஜர்தான். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அறுபத்தாறு வரைக்கும் அந்தப் பதவியில் இருந்தார். கம்பெனி என்றால் நூற்றுச் சொச்சம் பேர். அவர்கள் எழுவது, சவரம் செய்வது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது, சாப்பிடுவது, சண்டைக்குப் போவது எல்லாம் ஹவில்தார் மேஜர் தலையில். பெரிய குடும்பத்து மூத்த மருமகள் உத்தியோகம் என்று நான் கேலி செய்வேன். பெயர் மாமியாருக்கு, வேலை இவளுக்கு. அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். செத்த நேரம் கழித்து, "நீ சொல்றதும் சரிதான்" என்பார்.

எங்கள் தெருக்காரர்கள் அவரை "மேஜர்" என்றே கூப்பிட்டார்கள். "மேஜர்னா ஆபீசருங்க. நான் ஹவில்தார் மேஜர்" என்று ஒவ்வொருவரிடமும் நின்று விளக்குவார். அவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க மேஜர்" என்று போவார்கள்.

பெண் பார்த்த கதையைச் சொல்கிறேன். ஐம்பத்து நாலோ ஐந்தோ இருக்கும். எங்கள் வீடு அப்போது ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கிணற்றுத் தோட்டம். வெங்காயமும் தக்காளியும் போடுவார். நான் காந்திகிராமம் பக்கத்தில் தங்கி வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கறுப்பு, படிப்பு, வாய்நீளம் என்று என் மேல் ஊரில் மூன்று புகார்கள். மூன்றும் உண்மை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், வெற்றிலை போடலாம், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சம்பந்தம் முடிவான பிறகுதான் கை நனைப்பது. கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்து போனால், வாயால் என்ன இனிப்பாகச் சொன்னாலும் இல்லை என்றுதான் பொருள். அதிலும் மாப்பிள்ளை மறுசோறு கேட்டு வாங்கினால், பெண்ணைப் பெற்றவர்களுக்கு வயிறு குளிர்ந்துவிடும். மனசு நிறைந்துதான் வாங்குகிறார் என்று கணக்கு.

இவர்களுக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அப்பா சமைக்கச் சொல்லி வைத்துவிட்டு எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். "போயிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று அத்தனை மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள். ஆக்கின சோற்றை அம்மா மாட்டுக்குப் போட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இவர்கள். இதுவும் தட்டிப்போனால் அப்பா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் அன்று காலையிலிருந்து என் கவலை.

மாப்பிள்ளை லீவில் வந்திருந்த ஹவில்தார். இரண்டு கூண்டு வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள், பேசினார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சரி என்றார்கள். அப்பா எழுந்து, "அப்பக் கை நனைச்சிட்டுப் போகணும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. முற்றத்தில் இலை போட்டார்கள். அவருடைய சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் உட்காரவில்லை. வரிசைக் கோடியில் போய், காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாப்ள, உக்காருங்க. எல போட்டாச்சு" என்றார் அப்பா.

"நீங்க எல்லாரும் சாப்பிடுங்க மாமா. நான் கடைசில சாப்ட்டுக்கிறேன்."

அப்பா மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் அதே பதில். நான் உள்ளே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று, "அந்தக் கடேசி எலைக்கு அவரைக்கா வரல!" என்று ஒரு சத்தம். பரிமாறிக்கொண்டிருந்த என் சித்தப்பா மகன் குழம்பு வாளியை நழுவவிடப் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய பெரியப்பாவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அடுப்படியில் கசமுசா என்று பேச்சு ஆரம்பித்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, முடிவே கட்டிவிட்டாள். "ஒட்டன்சத்திரத்துக்காரங்களாவது ஒருத்தருமே கை நனைக்காமப் போனாக. இங்க மாப்ள மட்டும் உக்காரவே இல்ல. பெரியவுகளைச் சாப்பிட விட்டுட்டு இவுக தப்பிச்சுக்கிறாக. அம்புட்டுத்தான்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதல் பந்தி எழுந்தது. பெண்கள் பந்தி உட்கார்ந்தது. அப்போதும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அப்பா கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். பார்க்கப்பட்ட பெண் அப்படி வரக்கூடாது. அத்தை என் கையைப் பிடித்தாள், நான் உதறினேன்.

"ஏங்க, என்னையப் புடிச்சிருக்கா, இல்லையா? புடிச்சிருந்தா உக்காருங்க. புடிக்கலன்னா சொல்லிட்டுப் போங்க. எதுக்கு இப்படிக் காவக்காரன் கணக்கா நிக்கிறீங்க?"

அவர் குதிகால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்றார். ஆபீசர் முன்னால் நிற்கிற நிலை அது என்று எனக்கு அப்போது தெரியாது.

"புடிச்சிருக்கு" என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "ஆனா வண்டிக்காரங்க ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடலையே" என்றார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவருடைய சித்தப்பாதான் முதலில் சிரித்தார். "ஏலே, வண்டிக்காரங்களக் கூப்பிடுங்கடா. இல்லன்னா இவன் விடிய விடிய நிப்பான்" என்றார். வண்டிக்காரர்கள் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், கடைசி இலையில், மாப்பிள்ளை உட்கார்ந்தார். நான்தான் சோறு போட்டேன். வண்டிக்காரர்கள் இலையில் எல்லாம் வந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் கை நனைத்தார். மறுசோறும் கேட்டு வாங்கினார். அந்தச் சேதி கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அப்பா திரும்பி வந்தார்.

கல்யாணத்துக்கப்புறம் ஒருநாள் கேட்டேன், "இப்படி ஒரு பழக்கம் இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று. "சொன்னேனே, கடைசில சாப்ட்டுக்கிறேன்னு" என்றார். அவர் வரைக்கும் அது முழு விளக்கம்.

எனக்கு வேலை கிடைத்து நாங்கள் திண்டுக்கல்லுக்கு வந்தோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் வாடகை வீடு. அவர் வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டியில், கறுப்பு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக வந்து இறங்குவார். வந்த அன்றைக்கே எங்களுக்குள் சண்டை ஆரம்பிக்கும். வீட்டுப் பெண் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். தன் ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று பட்டாளத்தில் பழகியவர் அவர். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். சோற்றுச் சட்டி நடுவில் இருக்கும். இந்தப் பக்கம் நான் நிற்பேன், அந்தப் பக்கம் அவர் நிற்பார். குழம்பு ஆறிக்கொண்டிருக்கும்.

"இது உங்க கம்பெனி இல்ல, வீடு" என்பேன்.

"வீட்டுலதான் நல்லாக் கவனிக்கணும்" என்பார்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவது என்று ராஜியானது. புருஷனோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று தெருவில் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. நான் சட்டை செய்யவில்லை. ஆனால் உட்காருவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்காமல் அவருக்கு முடியாது. "எல்லாரும் சாப்ட்டாச்சா?" வீட்டில் இருப்பது இரண்டு பிள்ளைகள். இரண்டும் கண் முன்னால்தான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போயிருக்கும். "சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு, உக்காருங்க" என்று நான் எரிச்சலோடு சொல்வேன். இருக்கிற இரண்டு மாதத்தில் எங்களைப் பார்ப்பதைவிட எங்கள் தட்டைப் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிதாக இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது.

என் பள்ளிக்கூடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்போது பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் நான் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தார். பிள்ளைகள் அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்ற நேரம். கண்ணாடியைக் கொடுத்தவர் போகவேண்டியதுதானே? வரிசையைப் பார்த்தார், கால் நகரவில்லை. சின்னப் பிள்ளைகளை முன்னால் கொண்டுவந்தார். குழம்பை அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொன்னார். சமையல்கார அம்மாள் கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் சார், பட்டாளத்து அடுப்ப நீங்க பாருங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்றாள். அதுவும் காதில் விழவில்லை. ஒரு சின்னப் பெண் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இவர் அவள் முன்னால் போய் நின்று, "ஏன் சாப்பிடல?" என்றார். மெதுவாகத்தான் கேட்டதாகப் பிறகு என்னிடம் சாதித்தார். அவர் மெதுவாகக் கேட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தப் பெண் ஓவென்று அழ, பக்கத்தில் இருந்தது அழ, வரிசை முழுக்க அழுகை. தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

விசாரித்தபோது, வீட்டில் இருக்கும் தம்பிக்குக் கொண்டுபோகத்தான் அவள் சோற்றை வைத்திருந்தாள் என்று தெரிந்தது. இவர் முகத்தில் அசடு வழிந்ததை நான் ரசித்தேன். போகும்போது சமையல்கார அம்மாளிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தம்பி பேரில் இன்னொரு கரண்டி விழுந்தது.

"உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"தட்டப் பாத்தா ஆளத் தெரியும்" என்றார். "கம்பெனில ஒருத்தன் சோத்த அளைஞ்சிக்கிட்டே இருந்தான்னா, ஒண்ணு காய்ச்சல், இல்லன்னா வீட்டுலருந்து கெட்ட சேதி. மூஞ்சில பாத்தாத் தெரியாது. மூஞ்சிய மறைச்சிருவானுக. தட்ட மறைக்க முடியாது. அப்பறம், கடேசி ஆளுக்குத் தொட்டுக்கிற வெஞ்சனம் கெடைச்சிருச்சின்னா எல்லாருக்கும் கெடைச்சிருச்சின்னு அர்த்தம். அதுக்கு நாம கடேசில நிக்கணும்."

நல்ல பேச்சுதான். அன்றைக்கு எனக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனது.

அறுபத்து நாலில் லீவுக்கு வந்தபோது தன் கம்பெனிப் பையன் ஒருவனையும் கூட அழைத்து வந்தார். நத்தத்துப் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். இருபது வயசு சொல்லலாம். தகப்பன் இல்லை, அம்மா மட்டும்தான். ஒரே ரயிலில் வந்தார்கள். நத்தம் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அடேயப்பா, அப்படி ஒரு சாப்பாடு! கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். சட்டியை வழித்து ஊற்றவேண்டியதாகிவிட்டது. இவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நான் மறுசோறு வாங்கலன்னு வைங்க, உங்க வீட்டுக்காரரு எங்கிட்ட வந்து நாக்க நீட்டச் சொல்லிப் பாப்பாரு. அதுக்குப் பயந்தே வாங்கிருவேன்" என்றான். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஹவில்தார் மேஜரைப் பார்த்துக் கேலி பேச அவன் ஒருவனுக்குத்தான் துணிச்சல் இருந்தது. இவரும் மீசைக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

"கொழம்பு நல்லாருக்குக்கா. ஆனா எங்கம்மா வைக்கிற மாதிரி வராது. எங்க மரத்துப் புளி அப்படி" என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். எனக்கு ரோசம் வந்தது. "அப்ப அந்தப் புளியக் கொண்டாந்து குடு, பாப்போம்" என்றேன். லீவு முடிந்து திரும்பும்போது ஒரு பை நிறையப் புளியோடு வந்து நின்றான். அவன் அம்மா கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டிக் கொடுத்திருந்தாள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தாள், "எம்மகனப் பாத்துக்கிரச் சொல்லு அந்த அய்யாவ" என்று. இவர் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் ஒன்றாக ரயிலேறிப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஆவணியில் பாகிஸ்தான் சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றித் தெருவே நிற்கும். நான் நிற்கமாட்டேன். எனக்குக் காதெல்லாம் தந்திக்காரர் சைக்கிள் மேல்தான். அந்த சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பினால் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் தெரியாது. கும்பிடாத சாமி இல்லை. சண்டை நின்று, அவர் உயிரோடு இருக்கிறார் என்று கார்டு வந்த அன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பொரிகடலை வாங்கிக் கொடுத்தேன்.

அவர் பங்குனியில் வந்தார். இளைத்திருந்தார். மீசையில் நரை விழுந்திருந்தது. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோதே, "நத்தத்துத் தம்பி எப்ப லீவுல வாரான்?" என்று கேட்டேன்.

"வரமாட்டான்" என்றார். செம்பிலிருந்த தண்ணீர் முழுவதையும் ஒரே காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சமைக்கப் புளிப்பானையில் கை விட்டபோது அவன் அம்மா உருட்டிக் கொடுத்த புளி அடியில் இன்னும் இரண்டு உருண்டை மிச்சம் இருந்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த லீவில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. "எல்லாரும் சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். "சாப்ட்டாச்சு, உக்காருங்க" என்பேன். உட்காரமாட்டார். இன்னும் யாரோ வரவேண்டியது பாக்கி இருப்பதுபோல வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், நின்றவாக்கில் இரண்டு வாய் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவார். தட்டைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்று சொன்னவரின் தட்டை இப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் எழுந்ததும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "நத்தம் போய்ட்டு வாரேன்" என்று கிளம்புவார். பத்து மணிக்கெல்லாம் கையில் ஒரு கட்டுக் கீரையோடு திரும்பி வருவார். "பஸ்ஸுல கூட்டம்" என்பார். மறுநாள், "பஸ் போயிருச்சு" என்பார். கீரை கூட்டியும் கடைந்தும் மசித்தும் எங்களுக்கு அலுத்துவிட்டது.

"பஸ்ஸுல கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பயம்" என்றேன் ஒருநாள்.

எரிந்து விழுவார் என்று நினைத்தேன். "ஆமா" என்றார். "பாத்துக்கிரச் சொல்லி அனுப்புனாக. நானும் தலைய ஆட்டுனேன். இப்பப் போய் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?"

நூற்றுச் சொச்சம் பேரை ஒரு குரலில் நிமிர வைக்கிற மனிதர், நத்தத்துப் பக்கம் ஒரு அம்மாவுக்கு முன்னால் போய் நிற்க முடியாமல் கீரை வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் அத்தனை வருஷத்தில் வராத இரக்கம் வந்தது. "நானும் வாரேன். கெளம்புங்க" என்றேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

நத்தத்தில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தோம். பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. வீடு சின்ன ஓட்டுவீடு, முன்னால் ஒரு புளியமரம். அந்த அம்மா களத்தில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவருடைய நடையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க அய்யா. வாம்மா" என்றாள். அழவில்லை. நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே அழைத்துப் போய்ப் பாய் விரித்தாள். சோறு வடித்து வைத்திருந்தாள் போல, நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் இலை நறுக்கிக்கொண்டு வந்து போட்டாள். "உக்காருங்கய்யா, சாப்ட்டுப் பேசுவோம்." நான் உட்கார்ந்தேன். அவர் சுவரோரம் நின்றார். கை பின்னால் போனது.

"அம்மா" என்று ஆரம்பித்தார். குரல் எழும்பவில்லை. "நீங்க பாத்துக்கிரச் சொன்னீங்க..."

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் விடுங்கய்யா. ஆபீஸ்காரங்க வந்தாக, பட்டாளத்துக் காயிதம் வந்துச்சு. நல்லா நின்னு சண்ட போட்டான்னு எல்லாரும் சொன்னாக. எனக்கு அது வெளங்கல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், கேக்க ஆளில்ல." இலைக்கு முன்னால் அப்படியே குந்தினாள். "அன்னைக்கு எம்புள்ள சாப்ட்டானா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றார். பெண் பார்த்த அன்று முற்றத்தில் நின்றாரே, அதே மாதிரி.

"சாப்ட்டாம்மா" என்றார். "பல நாளா வெறும் ரொட்டிதான் வந்துக்கிட்டிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம்தான் சோறு வந்துச்சு, சோறும் பருப்பும். நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். தட்ட நீட்டுனான், வாங்குனான். ஒரு மண்ணுக் கரைல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, 'எங்கம்மா புளிக்கொழம்பு இல்லாம இது என்னடா சோறு'ன்னு சமையல்காரனக் கேலி பண்ணிக்கிட்டே சாப்ட்டான்."

"மறுசோறு வாங்குனானா?"

"வாங்குனாம்மா. தட்ட வழிச்சுத் தின்னான். அவன் கை கழுவுன பெறகுதான் நான் என் தட்ட எடுத்தேன்."

அந்த அம்மா அப்போதுதான் அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. "பசியோட போகலயே எம்புள்ள. வயிறு நெறஞ்சுதான போயிருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது. துடைக்கவில்லை.

செத்த நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சோற்றுச் சட்டியை எடுத்தாள். "நீ உக்காரு அப்பு" என்றாள். அய்யா என்று கூப்பிட்டவள், பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி அப்பு என்றாள். "நீ சாப்பிடுறத நான் பாக்கணும்."

அவர் வாய் திறந்தார். எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கத்தான் திறந்தார் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. மெதுவாக என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் புளிக்குழம்பு ஊற்றினாள். அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை, அந்த மாதிரி எனக்கு இன்றுவரை வரவில்லை. இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இலையில் சோறு தீர்ந்ததும், "இன்னுங் கொஞ்சம் போடுங்கம்மா" என்று இலையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உண்மையாகவே கூட்டம். கடைசி இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். என் மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவின் ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்று. நூற்றுச் சொச்சம் பேரில், குண்டு விழுகிற இடத்தில், ஒருவன் இரண்டாம் தடவை சோறு வாங்கியது நினைவிருக்குமா?

"நெசமாத்தான் சொன்னீங்களா?" என்று காதோரம் கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இது தெரியவில்லையா என்கிற பார்வை.

"அதுக்குத்தான நிக்கிறது" என்றார்.

திண்டுக்கல் வரும் வரைக்கும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், அழுவது அவருக்குத் தெரியக்கூடாது என்று.

அன்று பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன். அவர் வழக்கம்போல வந்து நின்றார். பிள்ளைகள் கை கழுவப் போனார்கள்.

"எல்லாரும் சாப்ட்டாச்சா?"

வாய்வரைக்கும் வந்த "சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு"வை விழுங்கிக்கொண்டேன். "பெரியவ நல்லாச் சாப்ட்டா. வெஞ்சனம் திரும்ப வாங்குனா. சின்னவன் பாதிதான். பக்கத்து வீட்டுல முறுக்குத் தின்னுட்டு வந்திருக்கான், காய்ச்சல் ஒண்ணும் இல்ல, தொட்டுப் பாத்தேன். நான் இன்னும் சாப்பிடல" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"அப்ப நீ மொதல்ல உக்காரு" என்றார்.

இத்தனை வருஷமாக நடந்த எங்கள் சண்டையில் நான் அன்று விட்டுக்கொடுத்தேன். உட்கார்ந்தேன். அவர் தட்டு வைத்துச் சோறு போட்டு, குழம்பை அடியிலிருந்து கலக்கி ஊற்றினார். எதிரில் நின்றுகொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்தார். நத்தத்தில் அந்த அம்மா போட்ட சாப்பாடே வயிற்றில் இருந்தது, எனக்குப் பசி இல்லை. ஆனாலும் தட்டைக் காலி செய்தேன். மறுசோறு கேட்டு வாங்கினேன்.